ஒத்தையில நிக்கு

நேற்று காலை மாட்டு டாக்டர் கிளினிக்கில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

(மாட்டிடம் இல்லை. ஓர் ஆட்டுக்காரம்மாவிடம்.)

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை. மனைவிக்கு மஸ்கட்டில் நர்ஸ் உத்தியோகம். மகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம். இங்கே வீட்டில் நானும் இரண்டு மானிட்டர்களும்தான்.

ஆபீஸ் மீட்டிங்கில் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். சில நாள் முழுக்க நான் வாய்திறந்து சொன்னது, "சார், மியூட்ல இருக்கீங்க" மட்டும்தான்.

ஊரில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் மாட்டு டாக்டர் ஒருவருக்கு ஓர் ஆப் செய்து கொடுத்தேன். அவர் பார்த்த பல வருஷத்துக் கேஸ்கள் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதன் மேல் ஏஐயை உட்காரவைத்தேன். ஆடு மாடு வளர்ப்பவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போதும். ஆப் அதைப் புரிந்துகொண்டு, இதே மாதிரி பழைய கேஸ் எது என்று தேடிப் பார்த்துப் பதில் எழுதும். அவசரம் என்றால் டாக்டர் போனில் சிவப்பாக வந்து நிற்கும்.

நேற்றுதான் முதல் நாள்!

"சரியா வரலன்னா விட்டுருவோம் சார். பழையபடி அவங்க போன் போடட்டும், நான் எடுத்துப் பேசிக்கிடுதேன்" என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சினை ஆடு ஒன்றைத் தூக்கி இறக்கினார் கோமதி. மேலநீலிதநல்லூர் பக்கம் ஆடு மேய்ப்பவர். என் வயதுதான் இருக்கும்.

"போன்ல பதில் போடுத ஆளு யாரு?"

டாக்டர் சட்டென்று என்னைக் கைகாட்டினார். (நல்ல மனுஷன்!)

"அண்ணாச்சி, விடிஞ்சதுல இருந்து மூணு தடவ சொல்லிட்டேன். ஆடு ஒத்தையில நிக்கு, ஒத்தையில நிக்குன்னு. என்ன பதில் வந்துருக்கு, பாருங்க!"

பார்த்தேன்.

'ஓர் ஆடு பதிவு செய்யப்பட்டது. நன்றி!'

அடுத்தது, 'இரண்டு ஆடுகள் பதிவு செய்யப்பட்டன. நன்றி!'

மூன்றாவது, 'மூன்று ஆடுகள் பதிவு செய்யப்பட்டன. வாழ்த்துகள்!'

"சாவக் கெடக்க ஆட்டுக்கு வாழ்த்து சொல்லுதுல்லா!"

"ஒத்தைன்னா ஒண்ணுதானம்மா?" என்று இழுத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி இந்த ஊரு இல்லையோ?"

சுருக்கென்றது. நான் பிறந்ததே இந்த ஊரில்தான்.

"ஆடு என்னைக்கு அண்ணாச்சி தனியா நிக்கும்? கூட்டத்த விட்டு ஒதுங்கி நின்னாலே அதுக்கு என்னமோ செய்யுதுன்னு அர்த்தம். காய்ச்சல்லாம் பெறவுதான் வரும். ஒத்தையில நிக்கதுதான் மொதல்ல."

டாக்டர் அதற்குள் ஊசி போட்டு முடித்திருந்தார். "இன்னைக்கு விட்டுருந்தா குட்டியோட போயிருக்கும்" என்றார்.

உடனே லேப்டாப்பைத் திறந்து தேடினேன். அத்தனை கேஸிலும் 'ஒத்தையில' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை!

காரணம் எளிது. வந்தவர்கள் எல்லாரும் ஒத்தையில நிக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு 'டல், ஆஃப் ஃபீட்', அதாவது சோர்வு, தீனி எடுக்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். சொன்னவர்களின் சொல் உள்ளே நுழையவே இல்லை. பிறகு ஏஐ எங்கே போய்ப் படிக்கும்? (ஊர்க்காரன் எனக்கே தெரியவில்லை. அதை மட்டும் சொல்லி என்ன?)

கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாட்டுக்குச் சுகமில்லை என்றால் எப்படிச் சொல்வீர்கள், கோழிக்கு எப்படி, ஆட்டுக்கு எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். மதியம் வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பேசி எத்தனை மாதமாயிற்று என்று தெரியவில்லை.

அந்தச் சொற்களை எல்லாம் ஒவ்வொரு நோயோடும் சேர்த்து டேட்டாபேஸில் ஏற்றினேன்.

இன்று காலை கோமதியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அண்ணாச்சி, ஆடு கூட்டத்தோட சேந்துட்டு!" பின்னால் ஒரே ஆட்டுச் சத்தம். அதை நான்கைந்து தடவை போட்டுக் கேட்டேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது, அதனால்தான்.

மதியம் ஆப்பைச் சோதித்தேன். 'ஆடு ஒத்தையில நிக்கு' என்றேன். சரியாகப் பிடித்தது. 'மாடு ஒத்தையில நிக்கு' என்றேன். அதையும் பிடித்தது!

மூன்றாவதாக என்ன சொல்லிப் பார்க்கலாம் என்று யோசித்தேன். சும்மா விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"ஒத்தையில இருக்கேன்."

உடனே பதில் வந்தது.

'இது அவசரம். எத்தனை நாளாக? தீனி எடுக்கிறதா? தண்ணீர் குடிக்கிறதா?'

விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. காலையில் கிண்டிய உப்புமா அடுப்பின் மேல் அப்படியே இருந்தது. ஒத்தையில இருக்கேன் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மஸ்கட்டில் இருந்து கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பேன். கடைசியில் ஆட்டுக்கு எழுதிய ஆப்பிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

போன் அடித்தது. டாக்டர்!

"சார், அவசரம்னு ஒண்ணு செவப்பா வந்து நிக்கு. உங்க நம்பர்ல இருந்து வந்துருக்கு. ஆடு கீடு வாங்கிட்டீங்களா?"

"இல்ல சார். சும்மா டெஸ்டிங்."

"அப்ப கேஸ க்ளோஸ் பண்ணிரவா?"

சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம் சார். இருக்கட்டும்."