கோட்டுக்கு மேல் ஒரு நரி

அமெரிக்காவின் வட எல்லையை ஒட்டிய டுலூத் நகரில் என் அடுத்த வீட்டுக்காரரான லோர்னா அஞ்சலக ஊழியர். அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீனுக்கு, மகளின் உடையை அவர் கடையில் வாங்கியதே இல்லை. ஆகஸ்டு மாதமே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிடுவார். ஆனால் எங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் பனி கொட்டும். சென்ற ஆண்டு மகள் சிக்னிக்குத் தைத்த தேனீ உடை, குளிர்க்கோட்டுக்குள் மறைந்தபடியே தெருவைச் சுற்றியது. அது என்ன வேடம் என்றுகூட எவரும் கேட்கவில்லை. சிறுமி அழுதுவிட்டாள்.

இவ்வாண்டு லோர்னா முறையாகத் திட்டமிட்டார். கோட்டை அணிவித்து, அதன்மேல் அளவெடுத்து, ஒரு நரியைத் தைத்தார். அன்றைக்கென்று, அறுபது ஆண்டுகளில் நான் கண்டிராத வெயில் அடித்தது. கோட்டின்றி அணிந்தபோது நரி தொளதொளவென்று தொங்கியது.

"இது நரியா, நரித்தோலா?" என்றேன் வேலிக்கு இப்பால் நின்று.

"நீங்க வேற! சும்மா இருங்க," என்றவர் மகளிடம் திரும்பினார். "ஊக்கு குத்தி இறுக்கித் தரேன் கண்ணு. கோட்டு வேணாம்டி, வெந்துபோயிடுவே!"

"போம்மா! கோட்டு போட்டாத்தான் நரி மாதிரி இருக்கு."

ஆண்டுதோறும் கோட்டைப் போடச் சொல்லிக் கெஞ்சிய தாய், அன்று கழற்றச் சொல்லிக் கெஞ்சினார். பலனில்லை. வியர்வை சொட்டச் சொட்ட முப்பது வீடுகள் ஏறி இறங்கினாள் சிக்னி. முப்பது வீட்டிலும், "அடடே, நரி!" என்றார்கள்.

திரும்பி வந்தவள் முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

"அடுத்த வருஷமும் கோட்டு மேலயே தைம்மா," என்றாள்.