நான் குறை சொன்ன வீடு

1. பெஞ்சில் முதல் நாள்

தென்காசி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதுகிறவர் கடை வாசலில் ஒரு பெஞ்ச் கிடக்கும். வீடு, நிலம் தரகு பேசும் எங்கள் அண்ணாச்சிக்கு அதுதான் ஆபீஸ். ஐம்பதுகளின் கடைசியில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொழில் சொல்லிக் கொடுத்தார்.

"வயக்காட்டைச் சாரல் அடிக்கும்போது காட்டணும்வே, கெணறு நெறஞ்சு கெடக்கும். வீட்டைச் சித்திரை வெயில்ல காட்டணும். சாரல்ல காட்டினா சுவத்து ஓதம் தெரிஞ்சிரும்."

நான் தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. தரகன் ஒரு வீட்டைக் குறை சொல்லுதான்னா, அது அவனுக்கு வேணும்னு அர்த்தம். அந்த வீட்டை மொதல்ல போய்ப் பாரும். நமக்கு ஒரு எடம் வேணும்னா ஆசையை மட்டும் வெளிய காட்டிராதேயும். வெல ஏறிரும்."

மற்றதெல்லாம் பழகப் பழக வந்தது. ஆசையை மறைக்கிற வித்தை மட்டும் எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. அதுதான் என் குடியைக் கெடுத்தது.

2. காலேஜ் வருகிறது

நானும் என் மனைவி செண்பகமும் குற்றாலம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஆனி, ஆடி, ஆவணிச் சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நடந்து வருகிறவர்களுக்கு அவள் முன்னறையில் இட்லி போடுவாள். அந்த மூன்று மாத வியாபாரத்தில்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் தரகு எப்போது வரும், எப்போது வராது என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்காரர் இலத்தூரில் இருந்தார். "வித்தா உமக்குத்தான்வே" என்று சொல்லியிருந்தார். செண்பகத்துக்குச் சுரண்டையில் தாய் வழியில் வந்த ஒரு வயல் இருந்தது. புரட்டாசியில் கார் நெல் அறுப்பு முடிந்ததும் அதை விற்று வீட்டைக் கிரயம் முடிப்பது என்று பேச்சு. வெறும் வாய்ப்பேச்சுதான். ஊருக்கெல்லாம் அக்ரிமெண்ட் போடச் சொல்கிற நான் எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில் குற்றாலத்துக்குப் பெண்கள் காலேஜ் வருகிறது என்ற செய்தி வந்தது. ஊருக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆயிற்று. மாட்டுத் தொழுவம் வைத்திருந்தவனெல்லாம் "லெக்சரர் குடியிருக்க ஏத்த எடம்" என்று பேச ஆரம்பித்தான். எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு மறந்துவிட்டது. நேரே பெஞ்சுக்கு வந்து அண்ணாச்சியிடம் வீட்டை விற்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன அண்ணாச்சி, எனக்குன்னு சொன்ன வீடுல்லா?" என்றேன்.

"நாம விக்கலைன்னா இன்னொருத்தன் விப்பான். செங்கோட்டையில இருந்து மர வியாபாரி ஒருத்தர் வருதாரு. அங்கன இருக்கது நீரு, நீரே காட்டும்."

சித்திரை மாதம். சுவரெல்லாம் காய்ந்து பளிச்சென்று இருந்தது.

3. நான் பேசிய உண்மைகள்

வியாபாரி வருவதற்கு முன் செண்பகம் சொன்னாள்: "நாங்க வாங்கப் போறோம், கார் அறுப்பு வரைக்கும் பொறுங்கன்னு அவருகிட்ட நேராச் சொல்லிருங்களேன்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வேணும்னு காட்டினா வெல ஏறும். சும்மா இரு."

நான் போட்ட திட்டம் வேறு. வீட்டில் உள்ள குறையெல்லாம் சொல்வது, ஆளை ஓட்டிவிடுவது. அண்ணாச்சி சொன்ன சூத்திரம் தரகர்களுக்குள் மட்டும் தெரிந்தது, வெளியாளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

அண்ணாச்சியும் கூட வந்தார். நான் வியாபாரியை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மேக்குப் பக்கச் சுவரு சாரல்ல ஓதம் அடிக்கும். சாஞ்சு ஒக்கார முடியாது."

"காஞ்சுல்லா கெடக்கு?"

"இப்போ சித்திரை. அடுக்களையில பொகை போகாது. கெணத்துத் தண்ணி மழைக்குக் கலங்கிரும்."

ஒன்றுகூடப் பொய் இல்லை. தரகுக்கு வந்த பிறகு ஒரே நாளில் நான் அத்தனை உண்மை பேசியது அன்றுதான். அண்ணாச்சி முறைத்துக்கொண்டு நின்றார். வியாபாரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

செண்பகம் மோர் கொண்டுவந்தாள். "இங்கன யாரும்மா குடியிருக்கா?" என்று அவளிடம் கேட்டார்.

"நாங்கதான். இவுங்க எங்க வீட்டுக்காரவுக" என்று என்னைக் காட்டினாள்.

வியாபாரி சிரித்துவிட்டார். "தரகரும் இவரு, குடியிருக்கதும் இவரு, கொறை சொல்லுததும் இவரா? எங்க மரக்கடையிலயும் வாங்க வாரவன் நல்ல தேக்கைத்தான் ஓட்டைன்னு சொல்லுவான். நான் வாங்கினா வாடகையைக் கூட்டிருவேன்னு பயப்படுதாரு. அண்ணாச்சி, வீட்டை முடிச்சிருங்க."

வைகாசியில் கிரயம் ஆயிற்று. அவர் வாடகையைக் கூட்டவில்லை. காலேஜ்காரர்களுக்கு விடவேண்டும் என்று எங்களைக் காலி பண்ணச் சொன்னார். தென்காசியில் ஒரு சந்துக்குள் வீடு பார்த்துப் போனோம். அருவிக்குப் போகிறவன் எவன் அந்தச் சந்துக்குள் வரப்போகிறான்? சாரல் பிறந்தது. செண்பகம் இட்லிக் கொப்பரையைக் கழுவிப் பரணில் ஏற்றினாள்.

4. சாரலில் வந்தவர்

ஆடி மாதம் வியாபாரி எங்கள் சந்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். குடை சொட்டியது. செண்பகம் காப்பி கொடுத்தாள்.

"நீரு சொன்னது அம்புட்டும் நெசம்வே. மேக்குப் பக்கச் சுவத்துல தண்ணி வழியுது. சாரல்ல நீரு என்ன பண்ணுவீரு?"

"சாக்கை மடிச்சு ஓட்டுக்கு அடியில சொருகுவோம்" என்றேன்.

காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "நல்ல எடத்தை விட்டுட்டு இந்தச் சந்துல ஏன்வே கெடக்கீரு?"

எல்லாம் முடிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையையும், சுரண்டை வயலையும், கார் அறுப்பையும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இதை அன்னைக்குச் சொல்லியிருக்கப்படாதாவே? குடியிருக்கவன் வாங்கப் போற வீட்டுல நான் கை வைப்பனா? மரக்கடைக்காரன்னா மனுசன் இல்லையா? இப்போ காலேஜ்காரங்க கிட்ட முன்பணம் வாங்கிட்டேன், திருப்ப முடியாதே."

அவர் நிசமாகத்தான் சொன்னாரா, ஒப்புக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் வாயைப் பார்த்துப் பிழைத்தவன் நான். அன்று அந்த மனுஷன் முகத்தில் பொய் தெரியவில்லை. அதுதான் இன்றுவரை எரிகிறது.

செண்பகம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்:

"அவுக தொழில்ல அதை மட்டும் சொல்லக்கூடாதாம்."

தரகுக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஒன்றுதான் சொல்வேன். ஊரான் வீட்டுக்கு எதை வேண்டுமானாலும் மறையுங்கள். உங்கள் வீடு என்று வந்தால், எனக்கு வேண்டும் என்று முதலிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். விலை ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும்.