நாற்பத்தேழாம் தட்டில் ஒரு கறுப்புப் புள்ளி

இது நடந்தது. இட்டுக்கட்டுவதாக இருந்தால் நடுநிசி, ஆந்தை, பாழடைந்த பங்களா என்று வசதியாகவே ஏற்பாடு செய்திருப்பேன். நடந்ததோ பட்டப்பகலில், ஓர் ஆவணக் காப்பகத்தின் அடித்தளத்தில். ஃபேன் சத்தத்தைத் தவிர அங்கே பயப்பட எதுவும் கிடையாது.

அங்கே வேலை பார்த்தவனுக்குத் தூசி என்பது பட்டப்பெயர். எண்பது வருடத்துக்கு முந்தைய கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளைத் துடைத்து ஸ்கேன் செய்வது வேலை. அந்த மாதம் வந்த பெட்டி முழுக்கப் பருத்தி வயல்கள். ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள், தங்களைவிட நீளமான சாக்கை இழுத்துக்கொண்டு நின்றன. முதல் பத்துப் படத்தில் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தான். நாற்பதாவது படத்துக்குக் கொட்டாவி வந்தது.

காலை 10.15. நாற்பத்தேழாம் தட்டு. வயலின் கோடியில் ஒரு கறுப்புப் புள்ளி. பிரஷ்ஷுக்குப் போகவில்லை. பஞ்சை நனைத்துத் தேய்த்தான். அதற்கும் போகவில்லை. நகத்தால் சுரண்டினான். போய்விட்டது.

புகைப்படக்காரரின் குறிப்பில் 'பிள்ளைகள் எட்டு' என்றிருந்தது. திரையில் எண்ணினான். ஏழு.

"கேமரா இருந்தா போதுமா, எண்ணத் தெரிய வேணாமா?" என்றபடி பட்டியலில் எட்டை ஏழாகத் திருத்தினான்.

12.05. ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

"தம்பி, எங்கம்மா சின்னப் பிள்ளையில பஞ்சு எடுத்த வயலு போட்டோ இங்க வந்திருக்காம். ஆஸ்பத்திரியில இருக்காங்க, இந்த வாரம் தாங்காதுன்னுட்டாங்க. அவங்க தங்கச்சி, எங்க சித்தி, சின்னதுலயே போயிட்டாங்க. முகமே மறந்துபோச்சுன்னு அம்மா அழுவுறாங்க. போட்டோ புடிச்சப்ப வெள்ளை கவுன் போட்டுக் கோடியில நின்னாங்களாம்."

தூசி திரையைத் திருப்பி நாற்பத்தேழாம் தட்டைக் காட்டினான். டிரைவர் விரல் வைத்து எண்ணினார்.

"இது அம்மா, மூக்கே சொல்லுதே. சித்தி எங்க?"

"ஏழு பேருதாண்ணே. பட்டியல்லயும் ஏழுதான்."

அவர் சண்டை போட்டிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னொருக்கா தேடிப் பாருங்க தம்பி. நாலு மணிக்குத்தான் வண்டி எடுக்கணும். மேல உக்காந்திருக்கேன்."

போய்விட்டார்.

வெள்ளை கவுன்...

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். அந்தத் தொழிலில் முதல் நாள், முதல் பாடம் அது.

அவன் தன் நகத்தைப் பார்த்தான். இடுக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

1.20. அதே வயல், அடுத்த தட்டு. நாற்பத்தெட்டு. கோடியில் கறுப்புப் புள்ளி! அப்பாடா என்று மூச்சு விட்டான். ஸ்கேன் செய்தான். வெள்ளை கவுன்தான். ஆனால் முதுகு காட்டி நின்றாள்.

1.31. நாற்பத்தொன்பது. கேமரா பக்கம் திரும்பி, பாதி வயலைக் கடந்திருந்தாள். மற்ற பிள்ளைகளின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. அவளுக்கு நிழல் இல்லை.

சர்ர்... சர்ர்...

சாக்கைத் தரையில் இழுக்கும் சத்தம். யாரோ பெட்டி நகர்த்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். நடை காலியாக இருந்தது.

1.38. ஐம்பது. குனிந்த தலை. இன்னும் கிட்டே.

சர்ர்... சர்ர்...

சத்தம் இப்போது அறைக்குள்.

1.45. ஐம்பத்தொன்று. கவுனின் கிழிசல் தெரிந்தது.

சர்ர்...

நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை அவன்.

1.52. ஐம்பத்திரண்டு.

சத்தம் நின்றது.

முகம்.

படம் முழுக்க முகம். பயமுறுத்தும் முகமே இல்லை. அழுது முடித்த பிள்ளையின் முகம். கன்னத்தில் மட்டும், நகத்தால் சுரண்டியதுபோல் ஒரு கோடு.

பிரின்ட் எடுத்துக்கொண்டு மேலே ஓடினான். டிரைவர் வாங்கிப் பார்த்தார். "அதே மூக்கு" என்றார். நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை 9.40. ஃபோன்.

"அம்மா பாத்துட்டாங்க தம்பி. தங்கச்சிதான்னாங்க. ராத்திரி பூரா நெஞ்சு மேலயே வெச்சிருந்தாங்க. விடியக்காலம் போய்ச் சேந்துட்டாங்க. போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. இது என்னைக்குப் புடிச்சது?"

தூசி குறிப்பைப் புரட்டினான். "பதினாலாந்தேதிண்ணே. நாப்பத்தெட்டுல இருந்து அம்பத்திரண்டு வரைக்கும் எல்லாமே பதினாலு."



"சித்தி பதினொண்ணாந்தேதி மத்தியானமே வயல்ல சுருண்டு விழுந்து செத்துட்டாங்க தம்பி. அன்னைக்குக் காலையில புடிச்சதுதான் அவங்க இருந்த ஒரே போட்டோன்னு அம்மா சொன்னாங்க."

பதினொன்றாம் தேதிக் காலையில் எடுத்த தட்டு ஒன்றே ஒன்றுதான்.

நாற்பத்தேழு.