கையால் சுற்றும் வண்டியில் ஏழு கிலோமீட்டர்

அணுபுரத்திலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போவது எப்படி என்று முன்பு எழுதிய பதிவின் அடியில் ஒரு பெண் கேட்டிருந்தார்: "சார், இந்த ரோட்ல கையால சுத்துற மூணு சக்கர வண்டி போவுமா?" அந்தப் பதிவில் டயருக்கு எவ்வளவு காற்று என்பதில் தொடங்கி இளநீர் விலை வரைக்கும் அளந்திருந்தேன். இதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கேட்டவரோடு போய்ப் பார்த்தேன். கடற்கரைக் கொண்டாட்டம் தேடி வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம்.

கேட்டவர் பெயர் கோமதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில், ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சிற்றூர். ஊர்ப்பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பவர். மாமல்லபுரம் எல்லையில் ஒரு பெண் நடத்தும் ஆரிக் கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. நாள் கூலி நானூற்றைம்பது. அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து மாதிரி ஒன்று போட்டுக் காட்டினால் வேலை.

ஆட்டோவில் போய்வர நானூறு கேட்கிறார்கள். பஸ்ஸில் அவரை ஏற்றிக்கொண்டாலும் வண்டியை ஏற்ற மாட்டார்கள்; இறங்கியபின் என்ன செய்வது? சொந்த வண்டியில் போக முடிந்தால் வேலை உண்டு, முடியாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அரசு முகாமில் இலவசமாகக் கிடைத்த வண்டி அது. உட்கார்ந்தபடி நெஞ்சுக்கு முன்னால் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி இழுத்துச் சக்கரம் ஓடும். குறுகிய சந்தில் திருப்ப வசதியாக, பின்னாலும் போகிற மாதிரி மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றியிருந்தார். அதனால் ஒரு சிக்கல். வண்டி உருண்டால் கைப்பிடியும் கூடவே சுற்றும், நாம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும். இதை அன்று காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். "நீங்க முன்னாடி போங்க சார். பின்னாடி வந்தா நீங்க தள்ளுறீங்கன்னு நெனைப்பாங்க" என்றார். என்னுடையது இருபத்தோரு கியர் உள்ள சைக்கிள். அவர் வேகத்துக்கு ஓட்டி இரண்டு முறை விழப் பார்த்தேன். கோமதி சிரித்தார். "இன்னா சார், சும்மா நிக்கவே இவ்ளோ கஷ்டப்படுறீங்க?"

நான்கு வழிச் சாலை கார்களுக்கு அருமை. சாலை ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. சிறிய முன்சக்கரம் அதில் புதைகிறது. எனவே வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, பஸ்கள் உரசிப் போகும் இடத்தில்தான் அவர் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஹாரனுக்கும் நான்தான் பிரேக்கைப் பிடித்தேன். அவர் ரோட்டை மட்டும் பார்த்தபடி சுற்றிக்கொண்டே வந்தார். ஐந்து கிலோமீட்டரைக் கடக்கும்போது எட்டு மணி ஐந்து நிமிடம். நேரம் தாராளமாக இருந்தது.

அடுத்து ஒரு பாலம். ஏற்றத்தில் அவர் மூச்சு வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். பெட்ரோல் தீர்ந்த பைக்கைப் பின்னாலிருந்து காலால் உந்தி பங்க் வரை கொண்டுபோய் விடுவது நம் பக்கத்து வழக்கம். அதே நல்லெண்ணத்தில் கோமதியின் வண்டிச் சட்டத்தில் காலை வைத்து ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டார். வண்டி பாய்ந்தது. கைப்பிடி பம்பரமாகச் சுழன்று கோமதியின் வலது மணிக்கட்டில் அடித்தது. அலறல் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

பைக்கில் வந்தவர் பதறிவிட்டார். "ஹெல்ப்புதாங்க்கா பண்ணேன்!"

"நீ நல்லவன்தான் நைனா. ஒரு வார்த்த கேட்டுட்டு கால வச்சிருக்கக் கூடாதா?" கோமதியின் கண்ணில் நீர் நின்றது. வண்டிக்கும் அந்தக் கைதான், ஊசிக்கும் அந்தக் கைதான்.

ஆட்டோ பிடிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி இடது கையால் சுற்ற ஆரம்பித்தார். கூடம் எதிர்ப்புறம் இருந்தது. நடுத்தடுப்பில் இடைவெளி எழுநூறு மீட்டர் தள்ளி. போய்த் திரும்பி வர வேண்டும். எட்டு ஐம்பத்தைந்துக்கு, சிறிய சாய்வுமேடு வைத்த கூடத்து வாசலை அடைந்தோம்.

கூடத்துக்காரம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். "சார் தள்ளிக்கினு வந்தாரா?"

"யாரும் தள்ளல மேடம். நானேதான் வந்தேன்" என்றார் கோமதி. ஆனால் வீங்கிய கையில் ஊசி நிற்கவில்லை. நாலைந்து மணி வைப்பதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மா மனசு இளகிப்போனார். "பாவம், உனக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? துணிய நான் வூட்டுக்கே அனுப்பறேன். பீஸுக்கு இவ்ளோன்னு போட்டுக்கலாம்."

"வூட்ல உக்காந்து போட எனக்கு வேலை கீது மேடம். நாலு பேரோட உக்காந்து போடத்தான் இந்த ரோட்ல வந்தேன். திங்கக்கிழம வரேன். ஒரே ஒரு தபா பாருங்க."

அந்த அம்மா அரைமனதாகத் தலையசைத்தார். திரும்பும்போது வண்டியைக் குட்டியானை என்கிற மினி லாரியில் ஏற்றினோம், அறுநூறு ரூபாய். வழியெல்லாம் கோமதி மணிக்கட்டை நீவிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மாமல்லபுரத்தில் சைக்கிள் வாடகைக்கு விடும் நான்கு கடைகளில் விசாரித்தேன். கையால் ஓட்டும் வண்டி ஒன்றுகூட இல்லை. "அப்டி யாரும் வந்து கேட்டதே இல்ல சார்" என்றார் ஒருவர். அந்த வண்டி இல்லாமல் எப்படி வந்து கேட்பார்கள்?

இந்த வழியில் கை வண்டியில் போக நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள். போகும் இடம் எதிர்ப்புறம் என்றால் திரும்பும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். கையால் சுற்றிப் போகிறவரைப் பார்ப்பவர்களுக்கு: கேளுங்கள். வேண்டாம் என்றால் வேகத்தைக் குறைத்து, விலகி, உங்கள் வழியில் போங்கள்.

திங்கட்கிழமை துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். கோமதி வர வேண்டாம் என்றுவிட்டார். அன்று முழுக்க ஆபீஸில் வேலை ஓடவில்லை. சாயங்காலம் அழைத்தார். கை வீக்கம் வடிந்திருந்ததாம். மாதிரி பிடித்துப்போய் வேலையில் சேர்த்துக்கொண்டார்களாம். ஆனால் அதை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார்.

"வாசல்ல சாய்வுமேடு கீதுல்ல சார், அதுல வண்டி ஏறாம நின்னுச்சு. மேடம் தள்ளறதுக்கு ஓடி வந்தாங்க. நான் அவங்கள ஒரு பார்வ பார்த்தேன். அப்டியே நின்னுட்டாங்க. நான் ஏறி முடிக்கிற வரைக்கும் கைய பின்னாடி கட்டிக்கினு நின்னாங்க சார்."