மாலைக்குள் ஒரு அமெரிக்கர்

பர்மாவில், பபேடான் என்கிற பேட்டையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கடை என்னுடையது. பிள்ளையார், புத்தர், கல்யாண ஜோடி, காலமானவர்கள் என்று எல்லோரும் என் கை ஆணி வாங்கித்தான் சுவருக்குப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. ஆனால் ஒரு முகம் ஒருமுறை என் மேசைக்கு வந்துவிட்டால் மறக்காது.

வெகு காலம் முன்பு பழைய பேப்பர்காரர் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் அமெரிக்காவில் பேர் வாங்கினவர்களின் வாழ்க்கைக் கதைகளாம். கதைகளைக் கரையான் தின்றுவிட்டது. படங்கள் மட்டும் கெட்டித் தாளில் தப்பித்திருந்தன. வக்கீல், தளபதி, பிரசங்கி என்று இங்கிலீஷ் படித்த மாடி வீட்டுக்காரர் பிரித்துச் சொன்னார். மீசையை மழித்துவிட்டுத் தாடியை மட்டும் வளர்த்த ஒருவரைப் பார்த்து நான் நெடுநேரம் சிரித்தேன். கிருதா வைத்த தளபதி ஒருவரை எதிர் சலூன்காரர் கேட்டு வாங்கிப்போய் கடையில் மாட்டினார். அதைக் காட்டி, அதே மாதிரி வெட்டச் சொன்னவர்களும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண் கடைக்கு வந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் ஆற்றில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்திருந்தான். உடல் கிடைக்கவில்லை. அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும், அவன் ஒரு படமும் எடுத்துக்கொண்டதில்லை. அமெரிக்கர்களை ஒவ்வொருவராகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு முகத்தில் நின்றாள். கறுத்த முகம், பின்னால் வாரிவிட்ட அடர்ந்த முடி, தாடி, நேராக முறைக்கும் கண்.

"அண்ணே, இவரு போதும்."

"இவரு யாரோ அமெரிக்காக்காரரு தங்கச்சி."

"தெரியும்ணே. எங்க வீட்டுக்காரரும் யாராச்சும் ஏமாத்துனா இப்படித்தான் பாப்பாரு."

நல்ல தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

மகள் பிறந்து, வளர்ந்து, ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் தையல் கம்பெனிக்குப் போய், அவளுக்கும் ஒரு மகள் ஆகி, அந்த மகளுக்குப் போன குளிரில் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் முன்னோருக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். நல்ல பையன். மண்டபத்தில் தாத்தா படத்தைப் பெரிதாக்கி வைக்கலாமே என்று போனை எடுத்துச் சுவருக்கு நேராகப் பிடித்தான். போன் அந்தப் படத்தை இன்டர்நெட்டில் தேடி, அதே முகத்தை அமெரிக்கர் ஒருவரின் பேரோடு வரிசையாகக் காட்டியது. அவன் சட்டென்று போனை மூடப் பார்த்தான். அவனுடைய அத்தை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏன் சம்பந்தி, ஒங்க அப்பாரு அமெரிக்காவுலயா மூட்டை தூக்குனாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பெற்ற அந்த மகள் சிரிக்கவில்லை. கையில் சாதக் கரண்டியோடு, சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழத் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, இது அப்பா இல்லியா?"

"இல்ல."

"அப்ப இத்தன வருசமா நான் யாரக் கும்பிட்டேன்?"

நான் சொன்னேன்: "நான்தாம்மா போட்டுக் குடுத்தேன். ஒங்கம்மா கேட்டா, போட்டேன். இன்னைக்கு வந்து கேட்டாலும் போடுவேன்."

மகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீ பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடியாந்து படத்துக்கிட்டதான் மொதல்ல பேசுவ. எப்படிச் சொல்றது?"

"அப்ப எங்கப்பா மூஞ்சிய நான் பாத்ததே இல்ல." சொல்லிக்கொண்டே படத்தின் மாலையைக் கழற்றினாள்.

கிழவி சுவரைப் பிடித்து எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைத்தாள். "நெத்தி இதேதான். மூக்கு இம்புட்டு நீளம் இல்ல, ஒன்னோடது மாதிரி. தாடி கெடையாது. எடது காதுல ஒரு வெட்டு இருக்கும்."

"பல்லு?"

"முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சது. சிரிச்சா கையால மூடிக்குவாரு."

மகள் கேட்டுக்கொண்டே போனாள். உயரமா, குரல் எப்படி, நடந்தால் கால் எப்படி வைப்பார். இத்தனை வருஷத்தில் கிழவி புருஷனைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

செய்த காரியத்துக்கு ஈடு கட்டுவதுபோல் மாப்பிள்ளை போனில் இருந்ததைத் தமிழில் தடுமாறிச் சொன்னான். படத்துக்காரர் அடிமையாகப் பிறந்தவராம், கப்பல் பட்டறையில் வேலை பார்த்தாராம், தப்பி ஓடி, ஊர் ஊராகப் போய் அடிமைகளுக்காகப் பேசினாராம்.

"கப்பல் பட்டறையா?" என்றாள் கிழவி. "பாத்தியா, நான் சும்மா எடுக்கல."

மகள் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு மாலையைத் திரும்பப் போட்டாள்.

"இன்னொரு இலை போடுங்க."

"யாருக்கு?" என்றாள் அத்தை.

"இவருக்குத்தான். எங்கப்பாவுக்குன்னு போட்ட சோத்துக்கு முன்னால இத்தன வருசம் நின்னாரு. இவருக்குன்னு ஒரு வாய் போட்டதில்ல."

"நாப்பி வைக்கலாமா? அமெரிக்காக்காரரு மூக்கப் பொத்திக்குவாரு!" என்று புளித்த மீன் விழுதுக் கிண்ணத்தைக் காட்டினாள் அத்தை.

மகள் தாயிடம் திரும்பினாள். "அப்பாவுக்கு நாப்பி பிடிக்குமா?"

"நாப்பி இல்லாட்டி சோத்துல கையே வைக்க மாட்டாரு."

"அப்ப ரெண்டு இலையிலயும் வையிங்க."

அத்தை சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மீன் நாப்பி எடுக்கப் போனாள். படத்துக்கு நேராக ஓர் இலை விழுந்தது. பக்கத்தில் வெறும் சுவருக்கு நேராக, அவள் அப்பாவுக்கு இன்னொன்று. மகள் முதலில் அந்தச் சுவரைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள்.