வாக்குமூலத்தில் விடுபட்ட ‘அண்ணே’

எழுபதுகளின் பிற்பகுதியில் மதுரை செஷன்ஸ் நீதிமன்றம் ஒன்றில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். நீதிபதியின் இருக்கைக்குக் கீழே அமர்ந்து வழக்குகளை அழைப்பதும், வாக்குமூலங்களைத் தமிழில் எழுதுவதும் என் பணி. சாட்சியை மிரட்டியவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க என்ன சான்று வேண்டும் என்று இளம் ஊழியர்கள் சிலர் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. என் பிழையால் நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

1. வேப்பமரத்தடி

எழுமலைப் பக்கத்துக் கொலை வழக்கு அது. கண்ணால் கண்ட ஒரே சாட்சி முத்தன் என்னும் கூலி விவசாயி. குற்றஞ்சாட்டப்பட்டவன் அவ்வூர் நிலக்காரர் பெருமாள்சாமியின் தம்பி.

விசாரணை நாளன்று காலை, சாட்சி வந்துவிட்டாரா என்று பார்க்க வெளியே சென்றேன். வேப்பமரத்தடியில் முத்தன் நின்றிருந்தார். அவர் முகத்துக்கு மிக அருகில் பெருமாள்சாமி நின்றார். நான் மரத்துக்கு இப்புறம், கை எட்டும் தூரத்தில் இருந்தேன்.

“என்ன முத்தண்ணே, சவுக்கியமா? ஒங்க மக கண்மாக்கரை வழியாத்தான பள்ளிக்கூடம் போகுது? மழை பேஞ்சு வழுக்குதுண்ணே. பாத்துப் போகச் சொல்லுங்க.”

திரும்பிய பெருமாள்சாமி என்னைக் கண்டார்.

“அடடே, சாமியா! திருநகர் பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டமாம்ல. நீங்களும் பாத்துப் போங்க, சாமி.”

என் வீடு திருநகரில் இருப்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது.

கூண்டில் ஏறிய முத்தன், “பயமா இருக்குங்கய்யா” என்று சொல்லி அழுதார். நீதிபதி விசாரணையை நிறுத்தினார். மிரட்டப்பட்டதாக முத்தன் சொன்னதும், “வேற யாராச்சும் கேட்டாங்களா?” என்றார். முத்தன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

2. என் தமிழ்

வாக்குமூலம் எழுதும் பணி எனக்கே வந்தது. அச்சத்தை வென்ற அடியார்களின் பதிகங்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். ஓதுகையில் ஓர் அசை பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்குவேன். ஆனால் முத்தனின் பேச்சு எனக்குக் கொச்சையாகப் பட்டது, திருத்தினேன். “நீ சாட்சியம் அளிப்பின் உன் புதல்வியின் உயிருக்கு ஊறு விளைவிப்பேன் எனப் பெருமாள்சாமி மிரட்டினார்” என்று எழுதினேன். ‘அண்ணே’ என்ற சொல் தேவையற்றதென்று விட்டுவிட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டாமலே முத்தனிடம் கைநாட்டு வாங்கினேன்.

இத்தகைய அவமதிப்பு வழக்கில் உயர்நீதிமன்றமே தண்டனை அளிக்கும். எங்கள் நீதிமன்றம் அறிக்கை அனுப்பலாம், அவ்வளவே. அனுப்புமுன் விளக்கம் கேட்டு நீதிபதி பெருமாள்சாமிக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

3. விசாரணை

அடுத்த வாரம் பெருமாள்சாமியின் வக்கீல் என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“முத்தா, ‘ஊறு’ன்னா என்னப்பா?”

“கெணத்து ஊத்துங்களா அய்யா?”

மன்றமே சிரித்தது.

“‘உயிருக்கு ஊறு விளைவிப்பேன்’னு இவரு சொன்னாரா?”

“அப்பிடியெல்லாம் சொல்லலீங்கய்யா. மகளப் பாத்துப் போகச் சொன்னாரு.”

“ஒன்னை எப்படிக் கூப்ட்டாரு?”

“அண்ணேன்னு.”

வக்கீல் நீதிபதியை நோக்கிக் கைவிரித்தார். “அண்ணேன்னு கூப்பிட்டு, பிள்ளை வழுக்கி விழாமப் போகட்டும்னு சொன்னது அவமதிப்பாம், யுவர் ஆனர்!”

நீதிபதி அரசு வக்கீலிடம் சொன்னார்: “மிரட்டினார்ங்கறது எழுதினவரோட முடிவு. எனக்கு முடிவு வேண்டாம், சொல் வேணும். யாரு, யாருகிட்ட, எங்க, என்ன சொன்னாங்க, அது எப்படி மிரட்டல் ஆச்சு? சந்தேகத்துக்கு இடமில்லாம நிக்கணும். இதை ஹைகோர்ட்டுக்கு அனுப்ப முடியாது.”

நோட்டீஸைத் தள்ளுபடி செய்ய அவர் பேனாவை எடுத்தார். அது தாளைத் தொட்டால் முத்தன் சாட்சி சொல்லப் போவதில்லை. அவர் மகள் மட்டும் மறுநாளும் அதே கண்மாய்க்கரை வழியே நடப்பாள்.

நான் எழுந்தேன். “ஐயா, நானும் கேட்டேன்.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன், ஐயா.”

என் பேனாவை அடுத்த மேசை எழுத்தரிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினேன். கேட்டதைக் கேட்டபடியே, ‘அண்ணே’ உட்படச் சொன்னேன். திருநகர் பஸ்ஸையும் சொன்னேன்.

“அண்ணேங்கறது மரியாதைதான, சாமி?” என்றார் வக்கீல்.

அதற்கான பதிலை அரசு வக்கீல் மறுபடி கூண்டேற்றிய முத்தனிடம் பெற்றார்.

“இதுக்கு முன்ன இவரு ஒன்னை எப்படிக் கூப்புடுவாரு?”

“‘டேய்’னுதாங்கய்யா. எங்கப்பனையும் ‘டேய்’தான். நான் பொறந்ததுலருந்து ஒரு நாளும் அண்ணேன்னு கூப்ட்டதில்ல. அன்னைக்குக் கூப்ட்டாரு. அதான்யா குலை நடுங்கிப்போச்சு.”

பெருமாள்சாமியின் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். “இதை அப்படியே எழுதுங்க. ஓர் எழுத்துகூட மாத்தாதீங்க” என்றார் நீதிபதி.

அறிக்கை சென்னைக்குப் போனது. பெருமாள்சாமி உயர்நீதிமன்றத்தில் கைகட்டி நின்று, நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு அஃபிடவிட் தாக்கல் செய்தார். முத்தன் தம் சாட்சியத்தை முழுமையாகச் சொன்னார். நானோ நெடுநாள் வரை பஸ்ஸில் பின்னால் நிற்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தேன்.

பாடலில் ஓர் அசை பிழைக்க அஞ்சிய நான், ஏழை ஒருவரின் சொல்லை அஞ்சாமல் மாற்றினேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை எந்தச் சாட்சியின் பேச்சையும் நான் திருத்தவில்லை.

கொலை வழக்கில் தீர்ப்பு வந்தபின் ஒருநாள் நீதிமன்ற வாசலில் முத்தனைக் கண்டேன். “இப்போ எப்படி இருக்கீங்க?” என்றேன்.

“நல்லா இருக்கேன், சாமி. இப்ப மறுபடியும் ‘டேய்’னுதான் கூப்புடுறாரு. இப்பத்தான் தூக்கம் வருது.”