பவுனுக்குக் கட்டிய மூட்டை

சைக்கிள் ட்யூபை நாலு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் வாயிலும் ஓட்டை போட்டு நாடா கோத்து, நாலு செருப்பையும் வரிசையாக வைத்துவிட்டுக் கண்ணுச்சாமி ஒரு முழம் பின்னால் நகர்ந்து உட்காருகிறார். செருப்பு அவருக்கு இல்லை. பவுனுக்கு. பவுனு அவர் வீட்டு நாய். வழியெல்லாம் வேலிக்கருவை முள், கரட்டில் ஏறினால் சுடுபாறை. இந்த ஊரில் செருப்புப் போட்டு நடக்கும் ஒரே நாய் அதுதான். அதன் பூட்டன் அசல் ராஜபாளையம் என்பது கண்ணுச்சாமியின் கட்சி. பார்த்தால் பூட்டன் ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தது மாதிரிதான் தெரிகிறது.

சனிக்கிழமை சாயங்காலமானால் விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவில் இந்த முஸ்தீபு தவறாது. மறுநாள் விடிந்ததும் மேற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் மொட்டைக் கரட்டுக்கு நாயோடு நடக்க வேண்டும். உப்பில்லாத தயிர்சோறு, தண்ணீர் பாட்டில், பாறைமேல் நனைத்து விரிக்கச் சாக்கு, காதில் வைக்கப் பஞ்சு, முள்வாங்கி, உண்ணிக்கு வேப்பெண்ணெய், டாக்டர் கொடுத்த மாத்திரை. அந்த மூட்டையை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். ஒரு வாரம் என் வலது கை இடது கையைவிட நாலு விரற்கடை நீளமாக இருந்தது. அப்போதே வந்திருந்தால் நீங்களே அளந்து பார்த்திருக்கலாம்.

ஆளின் தொழில் மூட்டை கட்டும் விதத்திலேயே தெரியும். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடமாக மருந்து கலக்குகிறவர். எந்தச் சாமானும் இன்னொன்றைத் தொடக்கூடாது. நடுவில் துணி வேண்டும். எதையும் போடமாட்டார், வைப்பார். வைத்த பிறகும் கையைச் சட்டென்று எடுக்கமாட்டார். “உரசுனா போச்சு” என்பார். தயிர்சோறும் முள்வாங்கியும் உரசினால் எந்தத் தெரு எரியும் என்று கேட்டேன். “பளக்கந்தான்” என்றார், சிரிக்காமல். கம்பெனியில் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போதும் நிலைக்கதவில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுப்பார். பத்து நகத்திலும் அலுமினியப் பவுடர். வெள்ளி பூசினாற்போல மினுங்கும்.

பவுனு அவர் மனைவி வேலுத்தாய் வளர்த்த நாய். வேலுத்தாயும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். தினமும் கேட் வரைக்கும் அவளோடு போய், வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை படுத்திருந்துவிட்டு அவளோடு திரும்பும். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் ஒரு பகல் பதினொரு மணிக்கு அவள் இருந்த அறை வெடித்தது. அன்றைக்கும் பவுனு கேட்டில்தான் கிடந்தது.

அதிலிருந்து வெடிச்சத்தம் கேட்டால் நாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கம்பெனிகளில் சாம்பிள் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் நடுக்கம். சென்ற தீபாவளிக்கு மயங்கி, வாயில் நுரை தள்ளி, பிழைத்ததே பெரிய காரியம். “இருதயம் வீங்கியிருக்கு. இன்னொரு தீபாவளி தாங்காது” என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏற்றினால் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிறது. நடந்துதான் கொண்டுபோக வேண்டும். கரட்டுக்கு அந்தப் பக்கம் பாறையில் ஒரு குடைவு. அதற்குள் உட்கார்ந்தால் சிவகாசியே ஒரேயடியாக வெடித்தாலும் யாரோ செருமினது மாதிரிதான் கேட்கும். தீபாவளிக்குள் நாய்க்கு வழி பழக வேண்டும். ஆடியிலிருந்து பழக்கிக்கொண்டிருந்தார்.

நாய் பழகவில்லை. முப்பதடி தள்ளியே வரும். “ஓடை வரைக்கும் வருது. எறக்கி வச்சு, திங்கக் குடுப்பமேன்னு மூட்டையப் பிரிச்சா, வீட்டப் பாத்து ஓட்டம்.” மூட்டையில் ஏதோ குறை என்று அவருக்கு எண்ணம். அடுத்த வாரம் ஒரு குடை சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் சுட்ட கருவாடு. பிறகு வேலுத்தாயின் பழைய சேலைத் துண்டு. நாய் ஓடையைத் தாண்டவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு இசபெல் சிஸ்டர் வந்தார். தீக்காய வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் கொஞ்சம் துடுக்கு.

“என்ன அண்ணாச்சி, நாயோட கைலாசத்துக்கா?” என்று கேட்டுக்கொண்டே மூட்டையைத் தூக்கியவர் மூக்கைச் சுளித்தார். “இந்தத் துணி எங்கன எடுத்தீக?”

“கம்பெனில மருந்து காயப்போடுற துணி, சிஸ்டர். நல்ல கெட்டித்துணி, வீணாப் போகுதேன்னு தைச்சேன். நாலு தண்ணி அலசியாச்சு.”

“நாப்பது தண்ணி அலசுனாலும் போவாது. கந்தக நெடி ஆளத் தூக்குது. அன்னைக்குக் கேட்டுல கெடந்த நாய்க்கு இதுக்குள்ள சோத்த வச்சு நீட்டுனா அது என்ன செய்யும்? உங்களுக்கு மோந்தாத் தெரியலயா?”

கண்ணுச்சாமி துணியை முகத்தில் வைத்து நெடுநேரம் மோந்தார். “துணி வாசந்தான் வருது” என்றார்.

அவர்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் அந்தத் துணியில்தான் தலையணை உறை, ஜன்னல் திரை, பிள்ளைகளுக்குத் தூளி. யாருக்கும் நெடி தெரியாது.

சிஸ்டர் தன் பையைக் கொடுத்தார். எல்லாச் சாமானும் புதிதாக வந்தது. மறுநாள் ஓடையில் சிஸ்டர் பிரித்துவைத்தார். பவுனு வாலைக் குழைத்துக்கொண்டு வந்து பாதிச் சோறு தின்றது. இதைப் பார்த்துக் கண்ணுச்சாமி கிட்டே போனார். நாய் தலையைத் தூக்கிற்று. திரும்பி ஓடிற்று.

மூட்டை மட்டுமில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சீயக்காய், கடலைமாவு, எலுமிச்சம்பழம் என்று அந்த வாரம் முழுக்கக் குளித்தார். அந்தத் தண்ணீர் ஓடின சாக்கடையில் ஒரு மாதத்துக்குக் கொசு இல்லை. நாய் அதே முப்பதடியில்தான் நின்றது.

“அதுக்குத் தெரியும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன், சிஸ்டர்” என்றார் ஒருநாள்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு அவ ரூமுக்குப் போன மருந்து நான் கலந்ததுன்னு.”

“நாய் என்னத்தக் கண்டுச்சு, அண்ணாச்சி? அதுக்கு நெடிதான் ஆகாது. உங்கள ஒண்ணும் சொல்லல.”

“ரெண்டும் ஒண்ணுதான், சிஸ்டர்.”

வேலையை விட்டால் நெடி போகாதா என்று நான் கேட்டேன். முழங்கையை நீட்டிக் காட்டினார். “தோலுக்குள்ள போயிருச்சு. இனி எங்கூடத்தான் வேகும்.”

பிறகு சிஸ்டர்தான் ஏற்பாடு செய்தார். தனக்கு முழங்கால் வலி இருந்தாலும் நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கண்ணுச்சாமி மூட்டையோடு நூறடி பின்னால். மேல்காற்று எதிரே அடித்ததால் அவர் நெடி நாய்க்கு எட்டவில்லை. முதல் தடவையாகப் பவுனு ஓடையைத் தாண்டியது. கரட்டில் ஏறிக் குடைவுக்குள் படுத்துத் தூங்கியே விட்டது. அது தூங்குவதை அவர் பார்க்கவில்லை. அடிவாரத்தில் மூட்டையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் அப்படியே.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் புறப்பட்டார்கள். துணைக்கு நானும் சிஸ்டரோடு முன்னால் போனேன். ஓடையைத் தாண்டி அரைமைல் போயிருப்போம். ஊருக்குள் யாரோ பொறுக்கமாட்டாமல் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். பவுனு உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது. சிஸ்டர் முதுகைத் தடவித் தடவி ஒருவழியாக நாலெட்டு வைக்க வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. மழையைக் கொண்டுவரும் கீழ்காற்று, எங்கள் முதுகில் அடித்தது.

நாய் மூக்கைத் தூக்கியது. காது இரண்டும் மண்டையோடு ஒட்டின. நாலு காலும் வெடவெடத்தன. “வாத்தா, பவுனு, வாத்தா” என்று சிஸ்டர் கெஞ்சுகிறார். நாய் வயிற்றைத் தரையில் வைத்துவிட்டது. “அண்ணாச்சி, காத்து உங்க பக்கமிருந்து வருது!” என்று கத்தினார்.

கண்ணுச்சாமி ஒரு கணம்தான் நின்றார். பிறகு பாதையை விட்டிறங்கி, வேலிக்கருவைக் காட்டுக்குள் நுழைந்தார். முள் கிழிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. தெற்கே பெரிய வட்டமாகச் சுற்றி, எங்களுக்கு நூறடி முன்னால் மேற்கே போய்ப் பாதையில் ஏறினார். சட்டை முதுகில் இரண்டு இடத்தில் தொங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பவுனு மெல்ல எழுந்து, காற்றை மோந்து, ஒரு காலை எடுத்து வைத்தது.

அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, வா என்பதுபோல் விரல்களை மட்டும் அசைத்தார். கரடு வருகிறவரைக்கும் அந்தக் கையை மடக்கவே இல்லை.